உள்பக்கக் கைப்பிடி

காபிக்கு நன்றி. சர்க்கரை சற்றுத் தூக்கல்; பரவாயில்லை, போட்டவரிடம் சொல்லாதீர்கள். குறை சொன்னால் ஆள் வளரமாட்டார், வாய்ப்புக் கொடுத்தால்தான் வளர்வார். பதினெட்டு வருடமாக அந்தக் குளிர்கிடங்கின் மேலாளராக நான் செய்துவந்தது அவ்வளவுதான்.

என் அறையில் ஒரு பலகை மாட்டியிருந்தேன்: 'பிரச்சினையோடு வராதீர்கள், தீர்வோடு வாருங்கள்.' ஸ்டோர்கீப்பருக்கு மட்டும் அது மண்டையில் ஏறவில்லை. மீன் பெட்டிகளை வைக்கும் உறைகுளிர் அறையில் உள்பக்கக் கைப்பிடி கழன்றுவிட்டது என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தார். மூன்றையும் திருப்பி அனுப்பினேன். நான்காவது முறை கையில் ஒரு மரக்கட்டையோடு வந்தார்.

"புதுக் கைப்பிடி வர்ற வரைக்கும், கதவு சாத்திக்காம இதைச் செருகி வைக்கலாம் சார்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாதக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் விளக்கட்டும் என்று கட்டையை வாங்கி என் மேசைமேல் வைத்துக்கொண்டேன். காகிதம் பறக்காமல் இருக்க உதவியது.

நீங்கள் கேட்ட அந்த நாள் காலை பத்து மணிக்கு மற்ற எல்லோரும் மாடியில் தலைமைப் பண்புப் பயிற்சியில் இருந்தார்கள். உறைகுளிர் அறையிலிருந்து இன்டர்காம் அடித்தது. ஸ்டோர்கீப்பர்தான்.

"சார், கதவு சாத்திக்கிச்சு. ஒரு பெட்டி எடுக்கத்தானேன்னு கோட்டுகூடப் போடாம வந்துட்டேன்."

"பிரச்சினை புரியுது. தீர்வு என்ன?"

"நீங்க வந்து திறக்கணும் சார்."

அது தீர்வல்ல, அடுத்தவர் தயவு. பொறுமையாக எடுத்துச் சொன்னேன். "வீட்ல பொண்ணு சின்னது சார்" என்று தொடங்கினார். வேலை நேரத்தில் வீட்டுக் கதை எதற்கு என்று போனை வைத்துவிட்டேன்.

என் நாற்காலியிலிருந்து அந்தக் கதவு இருபதடி தூரம். தட்டுவது நன்றாகவே கேட்டது. போய்த் திறந்துவிடலாமா என்று மனசு அடித்துக்கொண்டது, மறைக்கவில்லை. அடக்கிக்கொண்டேன். பன்னிரண்டரைக்குச் சத்தம் நின்றது. வழி கண்டுபிடித்துவிட்டார் என்று நிம்மதியாகச் சாப்பிடப் போனேன்.

மூன்று மணிக்கு நான்தான் திறந்தேன். பயிற்சிக்கு வராதவர் பட்டியலில் அவரைச் சேர்க்கவில்லை. 'செய்முறைப் பயிற்சி' என்று குறித்தேன். அவர் மனைவியிடமும் அதைக் காட்டினேன்.

எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்: நான் எழுந்து போயிருந்தால் அவர் பிழைத்திருப்பார். ஆனால் என்ன கற்றுக்கொண்டிருப்பார்?

இன்னொரு சின்ன விஷயம். நேற்று நீங்கள் போன பிறகு இந்த அறைக் கதவை வெகுநேரம் தட்டினேன். ஃபேன் ஓடவில்லை, மூச்சு முட்டியது, உள்பக்கம் கைப்பிடியும் இல்லை. ஒரு மனிதன் அப்படித் தட்டினால் யாராவது வந்து திறக்க வேண்டாமா?