படத்தின் கீழ் ஓரம்

— அந்தப் படத்த எங்கேருந்து எடுத்தேன்னு எனக்கே சரியா ஞாபகம் இல்லக்கா. யாராவது அனுப்பினாங்களா, நானா எங்கேயாவது பாத்து எடுத்தேனா... ஒண்ணு சொல்லி அது தப்பாப் போச்சுன்னா உங்களுக்குத்தான் வீண் அலைச்சல்.

— அலைச்சல் பரவாயில்ல தம்பி. பஸ் மாறி மாறித்தான் வந்திருக்கேன். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

— அதாவது, பகல்ல இந்தச் சலவைக்கடை. கடை சாத்தினா போன்ல இந்தப் படம் போடற பக்கத்த நடத்தறேன். 'அம்மாவும் நானும்'னு பேரு வெச்சாலும் வெச்சேன், அம்மா படம் எது கிடைச்சாலும் ஜனங்க எனக்குத் தள்ளி விடறாங்க. எது எங்கேருந்து வந்துச்சுன்னு யாருக்கு நினைப்பு இருக்கும்?

— படத்துக்குக் கீழ 'வரைந்த கைகளுக்கு நன்றி'ன்னு போட்டிருக்கீங்க.

— ஆமாக்கா. ஒரு மரியாதைக்கு.

— அந்தக் கைக்கு ஒரு பேர் இருக்கு தம்பி.

— அதாவது, பேர் தெரிஞ்சா போட மாட்டேனா? நான் என்ன, நானே வரைஞ்சேன்னா சொன்னேன்?

— ஏங்க, வந்தவங்கள நிக்க வெச்சே பேசறீங்களே. அக்கா, அந்தத் துணி மூட்டைய இப்படித் தள்ளிட்டு உக்காருங்க. இஸ்திரிப் பெட்டி சூடா இருக்கு, அந்தப் பக்கம் மட்டும் சாயாதீங்க.

— இவ என் வீட்டுக்காரிக்கா. வாய் கொஞ்சம் நீளம்.

— இருக்கட்டும். தங்கச்சி, நீயும் அந்தப் படத்தப் பாத்தியா?

— பாக்காம? தையல் மெஷின் முன்னாடி ஒரு அம்மா, கழுத்துல டேப்பு. மெஷினுக்குக் கீழ ஒரு சின்னப் பொண்ணு, பொத்தான் டப்பாவக் கவுத்துப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கும். அந்த அம்மாவோட செருப்பு வாருல ஊக்கு குத்தியிருக்கும் பாருங்க, அதப் பாத்ததும் எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு.

— அந்தப் பொண்ணு நான்.

— என்னக்கா சொல்றீங்க?

— அது எங்க அம்மா. வரைஞ்சது என் தம்பி. கூட வேலை பாக்கற பொண்ணு எனக்கு தினமும் காலை வணக்கம்னு ஏதாவது படம் அனுப்புவா. முந்தாநாள் இது வந்துச்சு. பாத்ததுமே அவன் கைன்னு தெரிஞ்சுபோச்சு. பல்லு வெளக்கிக்கிட்டு இருந்தேன். அப்படியே நின்னுட்டேன். உங்க பக்கத்தோட பேரத் தேடித்தான் இந்தக் கடை விலாசத்தப் பிடிச்சேன்.

— அப்ப உங்க தம்பியையே கேக்கலாமேக்கா.

— எங்க இருக்கான்னு தெரிஞ்சா கேக்க மாட்டேனா? அம்மா போன பிறகு எங்களுக்குள்ள பேச்சு தடிச்சுப்போச்சு. பையத் தூக்கிக்கிட்டுப் போனவன்தான். நானும் வீட்டக் காலி பண்ணிட்டேன், நம்பரும் மாறிப்போச்சு. கோவம் ஆறட்டும், வருவான்னு இருந்தேன். ஆறு வருஷம் ஆச்சு.

— ஆறு வருஷமாக்கா?

— அவனுக்குச் சின்னதுலேருந்து ஒரு பழக்கம் தம்பி. எத வரைஞ்சாலும் கீழ் ஓரத்துல தன் பேர எழுதுவான். எந்த எடத்துல உக்காந்து வரைஞ்சானோ அதையும் எழுதுவான். 'எங்க வீட்டு மாடிப்படி'ன்னுகூட எழுதியிருக்கான். நீங்க போட்ட படத்துல அந்த ஓரமே இல்ல. அம்மா கால் விரலோட முடிஞ்சுபோகுது.

— நான்தான்க்கா வெட்டினேன். அதாவது... சதுரமா இருந்தாத்தான் பாக்க எடுப்பா இருக்கும். கீழ ஏதோ எழுத்து இருந்துச்சு. இப்ப ஞாபகம் வருது.

— என்ன எழுத்து?

— படிக்கலக்கா.

— படிக்கல.

— இவரு எங்க படிச்சாரு! ஒரு கைக்குட்டை வந்தாக்கூட சீட்டு குத்தாம உள்ள விட மாட்டாரு. இந்தக் கடையில ஒத்தச் சாக்ஸ் மாறிப்போனது கிடையாது. ஒரு மனுஷன் பேர மட்டும் கத்தரிச்சுப் போட்டுட்டாரு.

— நீ வேற ஏன் குத்தற?

— வேணாம் தங்கச்சி, விடு. நான் சண்டைக்கு வரல. எந்த ஊருன்னு தெரிஞ்சாப் போதும். இன்னிக்கே கிளம்பிடுவேன்.

— போய் அவர்கிட்ட என்னக்கா சொல்லுவீங்க?

— ஒண்ணும் சொல்ல மாட்டேன். எங்க ரெண்டு பேருக்கும் சும்மா உக்காந்திருக்கத் தெரியும். அவன் வரைவான், நான் பக்கத்துல இருப்பேன். பொழுது சாயற வரைக்கும் ஒரு பேச்சு இருக்காது. அது மாதிரி ஒரு நாள் இருந்துட்டு வந்தாக்கூடப் போதும்.

— ஏங்க, உங்க பழைய போன், கண்ணாடி உடைஞ்சது. வெட்டாத படம் அதுல கிடக்குமே.

— அது இன்னும் உசுரோட இருக்கா?

— பாட்டு கேக்கறதுக்கு நான் சார்ஜ் போட்டு வெச்சிருக்கேன். எப்ப போட்டீங்க, போன மழையிலயா?

— ஆமா. ஒரு துணியும் காயாம, போனும் கையுமா கிடந்தேனே, அப்ப.

— இது இல்ல... இதுவும் இல்ல... இந்தாங்கக்கா. முழுசா இருக்கு.

— நீயே படிம்மா.

— பேர் இருக்குக்கா. ஊரும் இருக்கு. ஊர் பேரோட... 'பொது ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு'ன்னு எழுதியிருக்காரு.

— ஆஸ்பத்திரியா?

— அதுக்குக் கீழ வேற யாரோ டைப் பண்ணியிருக்காங்க. 'இதை வரைந்தவர் எங்கள் வார்டில் இருக்கிறார். மெஷினுக்குக் கீழே இருப்பது அவருடைய அக்கா. அக்காவைப் பார்க்க வேண்டும் என்கிறார். தெரிந்தவர்கள் உடனே அழைக்கவும்.' நம்பர் போட்டிருக்குக்கா.

— அக்கா, சத்தியமா நான் அதப் படிக்கல.

— அந்த நம்பரப் போடும்மா. ஸ்பீக்கர்ல போடு.

— ஹலோ, ஆண்கள் வார்டு. நர்ஸ் பேசறேன்.

— அம்மா, அங்க ஒருத்தர் படம் வரைவாரே, தையல் மெஷின் படம்... நான் அவனோட அக்கா.

— அக்காவா?

— ஆமாம்மா. எந்தக் கட்டில்ல இருக்கான்? இப்பவே கிளம்பி வரேன்.

— அவர் தவறிட்டார்ம்மா. போன மழை விடறதுக்கு முன்னாடியே. யாரும் வரலைன்னு நாங்களே அடக்கம் பண்ணிட்டோம்.

— என்னக் கேட்டானா?

— தினமும் கேப்பார். யாராவது கூப்பிட்டாங்களான்னு. படம் ஊரெல்லாம் பரவுது, லட்சம் பேர் பாத்துட்டாங்கன்னு நான்தான் சந்தோஷமாப் போய்ச் சொன்னேன். 'அப்ப அக்காவும் பாத்திருப்பா சிஸ்டர், அவளுக்கு இன்னும் என்மேல கோவம் தீரல'ன்னார். அதோட கேக்கறத விட்டுட்டார்ம்மா.