வெள்ளிக்கிழமை பகல் பன்னெண்டு மணி

ஹலோ... ஆமா, பத்திரிகை ஆபீஸ்தான். யாரு... அக்காவா? என்னக்கா, குரலே சரியில்ல... ஆஸ்பத்திரியிலேர்ந்தா? மாமாவுக்கு வெள்ளிக்கிழமைதானே கண் ஆபரேஷன், இன்னிக்குத் திங்கள்தானே... என்னது, தள்ளி வச்சுட்டாங்களா. எப்ப வரைக்கும்... அடுத்த மாசமா? அதெப்படி. இந்த மாசம் பதினெட்டாம் தேதி டிப்போவுல கண் டெஸ்ட் இருக்கே. அதுல பாஸானாதான் மறுபடி பஸ்ஸ எடுக்க விடுவாங்க, இல்லேன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு மாமாவே சொன்னாரே... ஆமா. ஆமாமா. புரியுது, அழாதக்கா. காரணம் என்ன சொன்னாங்க...

கம்ப்யூட்டரா.

பேப்பர்லயா? எந்தப் பேப்பர்ல... ஓ.

இல்ல, லைன்லதான் இருக்கேன்... வெள்ளிக்கிழமை பகல் பன்னெண்டு மணிக்கு உலகத்துல இருக்கற கம்ப்யூட்டர் பூரா நின்னுடும்னு போட்டிருந்ததா. ஆமா, பாத்தேன். பாத்தேன் என்ன பாத்தேன், நான்தான்க்கா எழுதினேன்.

சத்தம் போடாத. சொல்றத கேளு. அது சும்மாக்கா... சும்மான்னா சும்மாதான். சனிக்கிழமை முதல் பக்கத்துல கால்வாசி காலியா கெடந்துது... எந்த நிபுணரா? அதான் போட்டிருக்கே, பெயர் சொல்ல விரும்பாத நிபுணர்னு. எங்க ஆபீஸ்ல பிரிண்டர் ரிப்பேர் பாக்க வர்றவர்தான். வெள்ளிக்கிழமை ஏதாச்சும் ஆகுமான்னு கேட்டேன். ஆனாலும் ஆகலாம், ஆகாமலும் போகலாம்னாரு. முதல் பாதியப் போட்டேன்... மீதிப் பாதிக்கு எடம் இல்லக்கா.

விமானம் விழும்னு எங்க எழுதினேன்? விழுமோ என அஞ்சப்படுகிறதுன்னுதானே... யாரு அஞ்சறாங்களா? இப்ப நீ அஞ்சறியே. எங்க எடிட்டரே வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணி பிளேன்ல மக வீட்டுக்குப் போறாரு. அத ஏன் போடலையா... நல்லா கேட்ட போ.

தண்ணியா? கம்ப்யூட்டர் நின்னா தண்ணியும் வராதுன்னா? எத்தன குடம் புடிச்ச... துணி ஊற வைக்கற வாளியில கூடவா. கொட்டிடுக்கா.

டாக்டர் என்னங்கறாரு... கண்ணுக்குள்ள மிஷின் இருக்கும்போது நின்னுட்டா யாரு பொறுப்புன்னா. சரி, பக்கத்துலதானே இருக்காரு? போன அவர்கிட்ட குடு. அது புருடான்னு எழுதினவன் வாயாலயே சொல்லிடறேன். மாமா கண்ணவிட எனக்கு வேலையா பெரிசு... குடு.

வணக்கம் டாக்டர். பேஷண்டோட மச்சான் பேசறேன்... ஆமா சார். வெள்ளிக்கிழமை ஒண்ணும் ஆகாது சார், தைரியமா செய்யலாம்... எப்படிச் சொல்றேன்னா... ஆமா, பேப்பர்ல வந்திருக்குதான்... சார், அந்தச் செய்திய எழுதினதே...

ஒரு நிமிஷம் சார்.

வாங்க எடிட்டர் சார். ஒண்ணுமில்ல, ஆஸ்பத்திரியிலேர்ந்து யாரோ டாக்டர். நம்ம கம்ப்யூட்டர் செய்தியப் பத்தி... பேசிட்டு வச்சுடறேன்... இல்லயில்ல, நீங்க உக்காருங்க சார்.

டாக்டர், லைன்ல இருக்கீங்களா... எழுதினது யாரா? எங்க... சிறப்பு நிருபர் சார்... ஆமா சார். தீர விசாரிச்சுதான் போடுவோம். ஆமா... நிபுணரா? பெரிய ஆளு சார், எல்லா ஆபீஸுக்கும் போறவரு... அது உங்க முடிவு சார். ஜாக்கிரதையா இருந்தா நல்லதுதான்... அவங்ககிட்ட குடுங்க.

அக்கா... கேட்டுட்டுதான் இருந்தீங்களா... நீங்கன்னுதான் சொன்னேன். அது... அப்புறம் சொல்றேன்... இருங்க, இருங்க.

சார்? ஆமா சார், ஆபரேஷனையே தள்ளி வச்சுட்டாங்களாம்... எத்தனன்னு கேக்கறேன். அக்கா, வெள்ளிக்கிழமை மொத்தம் எத்தன பேருக்கு... பதினொண்ணு சார்... நாளைக்கு முதல் பக்கமா? கம்ப்யூட்டர் கோளாறால் ஆபரேஷன்கள் நிறுத்தம்... சரி சார். அன்றே சொன்னோம்னு பக்கத்துல கட்டம் கட்டி... எழுதிக்கறேன் சார்... படமா? பேஷண்ட் படமா சார்...

அக்கா. கோவப்படாம கேளுங்க. உங்க வீட்டுக்காரர் அங்கதானே இருக்காரு... பெஞ்சுலயா. போட்டோகிராபர் பத்து நிமிஷத்துல வந்துடுவாரு. கண்ணுல கைய வச்சுட்டு கொஞ்சம் சோகமா... சோகமாதான் இருக்காரா... பேர் வராதுக்கா. பெயர் சொல்ல விரும்பாத டிரைவர்னுதான்...

ஹலோ... ஹலோ...

வச்சுட்டாங்க சார்... அக்காவா? மரியாதைக்கு அப்படிக் கூப்பிட்டேன். யாரோ சார்.