மூணு பெல்

பெங்களூரிலிருந்து மாரிக்குப்பம் வரும் காலை ரயில். வீட்டுச் சாவி பத்திரமா என்று நான் நாலாம் தடவையாகப் பையைத் தடவியபோது, எதிர் சீட்டுக்காரர் சம்சாரத்திடம் சொன்னார்:

"மூணு பெல் அடிச்சா எழுந்திரிக்காம இன்னா பண்ணச் சொல்ற?"

"அது சுரங்கத்துல கேஜுல ஆளு ஏத்தி எறக்குற பெல்லாங்க? நம்ம பொண்ணு கச்சேரி. அவ வயலினுக்கும் அந்த கிடாருக்கும் நடுவுல ஒருத்தன் மணி தட்டினான்."

"இருபது வருஷம் ஷாஃப்ட்ல கேட்ட காதும்மே. கால் தானா நின்னுடுச்சு."

"மைன்ஸ் மூடி எத்தினி வருஷமாச்சு. நின்னீங்க, சரி. டிபன் கேரியரையும் இன்னாத்துக்குக் கையில எடுத்தீங்க?"

அவர் சிரிக்கவில்லை. "மொத தடவ கேக்கப் போனேன். பாதியில கிளம்பிட்டேன்னு நெனச்சிருப்பா. முடிஞ்சதும் மைசூர் பஸ் ஏறிட்டா, ஒரு வார்த்தை பேச முடியல."

அந்த அம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டே, "காலையில நீங்க குளிச்சிட்டிருக்கச்சொல்ல அவ போன் பண்ணா. பெல்லு கதையைச் சொல்லிட்டேன்" என்றார்.

"அய்யோ. இன்னா சொன்னா?"

"சிரிச்சா. அப்புறம், 'பெல்லுக்கு எழுந்தாரு, சரி. பாட்டு முடியற வரைக்கும் அப்பா ஏன் உக்காரவே இல்ல'ன்னு கேட்டா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உக்காரச் சொல்லி யாரும் பெல் அடிக்கலன்னு சொல்லிடு" என்றார்.

அந்த அம்மா இரண்டு சுளையை அவர் கையில் வைத்தார்.

"சரி. அப்பா அழுதாருன்னே சொல்லிடறேன்."