பார்த்தசாரதி மாமாவின் மிஸ்ர சாபு நாடி

எர்லாங்கன் நகர்வாழ் தமிழ்ப் பெருமக்களே, ஓர் அறிவிப்பு! இன்று காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்குத் திருவாளர் பார்த்தசாரதி அவர்கள் ஒரு டம்ளர் காப்பி அருந்தினார். சர்க்கரை இரண்டு கரண்டி. டம்ளர் காலியானதை அவருடைய துணைவியார் உறுதி செய்திருக்கிறார்.

கை தட்டலாம். காரணம் இருக்கிறது, சொல்கிறேன். அதற்குள் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். தம்மை விளிக்காமல் எவன் தொடங்கினாலும் கழற்றுவார். ஆகவே, இந்த 1973ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவுக்குத் தலைமையும், மடியில் ஒரு தட்டு வடையும் தாங்கி அமர்ந்திருக்கும் ஐயா சிதம்பரம் அவர்களே! பட்டங்களைப் பெட்டியிலும் பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியிலும் பூட்டி வைத்திருக்கும் பொறியியல் புலிகளே! பனியிலும் சைக்கிள் மிதித்து, பல்கலைக்கழகத்தின் பொறுமையைச் சோதிக்கும் ஆராய்ச்சி அண்ணன்மாரே! உறையும் ஊரிலே பானையைப் பொங்கவைத்த தாய்மார்களே! கடைசி வரிசையில் அமர்ந்து, நான் உளறும் நொடிக்காகக் காத்திருக்கும் என் தோழர்களே! எல்லோருக்கும் ரவிச்சந்திரனின் வணக்கம்.

எனக்குப் பின்னால் ஒரு பெட்டி. அதன் வட்டத் திரையில் துள்ளும் பச்சைக் கோடு என் நாடி. என் இடது மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டைக்குள் ஒரு படிகம் இருக்கிறது. அதிர்வு எதுவாயினும் அதை மின்சாரமாக்கித் திரைக்கு அனுப்பும். செய்தவர் இயற்பியல் ஆராய்ச்சியாளர் குருமூர்த்தி அண்ணன். இன்று எனக்குக் கட்டிவிட்டவர் மருத்துவ மாணவி அம்பிகா அக்கா. எதற்கு என்று கேட்டேன். கையை அசைக்காமல் பேசு, முடிப்பதற்குள் உனக்கே தெரியும் என்றார்.

நாடி என்பது என்ன? இரத்தம் வந்து தட்டுவதா? ஆம் என்று தலையாட்டிய அத்தனை பேரும் தவறு! வெளிநாட்டார் பதிவு அலுவலகத்தின் வரிசையை நினையுங்கள். கடைசியில் நிற்பவர் ஒரு தள்ளுத் தள்ளுகிறார். வரிசையின் முதலில் நிற்பவரின் மூக்கு கண்ணாடித் தடுப்பில் மோதுகிறது. வரிசை நகர்ந்ததா? இல்லை! தள்ளு மட்டும் ஓடியது. அதுதான் அலை. இதயம் தள்ளுகிறது, குழாயின் சுவர் வழியே அந்தத் தள்ளு நொடிக்குப் பல மீட்டர் பாய்ந்து மணிக்கட்டைத் தட்டுகிறது. இரத்தமோ நம்மைப் போலப் பின்னால் மெல்ல வருகிறது, படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. வந்து சேர்ந்ததும், இந்த ஜன்னல் அல்ல, புறப்பட்ட இடத்துக்கே போ என்கிறார்கள். இதற்குத்தான் இரத்தச் சுற்றோட்டம் என்று பெயர்!

கதைக்கு வருகிறேன். புத்தாண்டு விடுமுறையன்று பிற்பகல், பார்த்தசாரதி மாமா வீட்டில் நாங்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். டேப் ரிக்கார்டரில் கச்சேரி. குருமூர்த்தி அண்ணன் புதுப் பெட்டியைச் சோதிக்க, மாமாவின் கையை மேசைமேல் வைத்து மணிக்கட்டில் பட்டையைக் கட்டினார். டேப்பை நிறுத்தலாமா என்று கேட்டார். அப்போது மிருதங்கத் தனி ஆவர்த்தனம்.

"தனி நடுவிலயா? முடியட்டும்ப்பா. இதயம் எங்கேயும் ஓடிப்போயிடாது" என்றார் மாமா.

ஓடியது ஐயா, ஓடியது! திரையில் மூன்று துடிப்பு, ஓர் இடைவெளி. நான்கு துடிப்பு, ஓர் இடைவெளி. மறுபடி மூன்று, மறுபடி நான்கு. ஒழுங்கில்லாமல் துடிக்கும் இதயத்தை உலகம் அறியும். இவ்வளவு ஒழுங்காக ஒழுங்கு தவறிய இதயத்தை யார் கண்டார்? குருமூர்த்தி அண்ணன் வெளுத்தார். "மாமா, எக்ஸ்ட்ரா பீட்ஸ் இருக்கு" என்றார்.

அறையில் இரண்டு டாக்டர் பட்டங்கள், மூன்றாவது பாதி வழியில். டேப்பில் தகிட தகதிமி. திரையிலும் தகிட தகதிமி. ஏழு எண்ணிக்கை மிஸ்ர சாபு தாளம்! கண்ணும் இருந்தது, காதும் இருந்தது. இரண்டுக்கும் பேச்சுவார்த்தைதான் இல்லை.

வசந்த காலத்தில் மாமாவின் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும். டாக்டரிடம் போனால் விஷயம் அலுவலகத்துக்குப் போகும், வேலை போகும் என்று பயந்து, மாமா எங்கும் போகவில்லை. காப்பியை விட்டார். மாடிப்படியை விட்டார். சைக்கிளை மட்டும் விடவில்லை. சகாக்கள் ஏன் என்று கேட்பார்களே என்று, பனியில் அதைத் தள்ளிக்கொண்டே அலுவலகம் போனார். நாளைத் திங்கட்கிழமை கொடுப்பதற்கு ராஜினாமாக் கடிதமும் எழுதிச் சட்டைப்பையில் வைத்தார். "ஊருக்குப் போயிடலாம் வேதா. நான் இங்கே விழுந்தா, ஆம்புலன்ஸைக் கூப்பிட உனக்கு பாஷை தெரியாது" என்றாராம். வேதவல்லி மாமி பெட்டி கட்டத் தொடங்கினார்.

நேற்று அம்பிகா அக்கா மாமா வீட்டுக்கு வந்தார். மூன்று விரலை மாமாவின் மணிக்கட்டில் வைத்தார், கடிகாரத்தைப் பார்த்தார். எழுபத்திரண்டு, பிசிறே இல்லை என்றார். இத்தனை பெரிய பெட்டி தோற்றது. மூன்று விரல் வென்றது!

அப்படியானால் பெட்டி காட்டியது எதை? கண்டுபிடித்தவன் யார்? அடியேன்! எழுந்து நின்றேன், எடுத்துரைத்தேன். மரம் அதிர்வை அருமையாகக் கடத்தும். மேசையில் யாரோ தாளம் போட்டிருக்கிறார். அது மரத்தில் ஓடி, படிகத்தில் ஏறி, நாடியை விழுங்கிவிட்டது. யார் அந்தத் தாளக்காரர்? வேறு யார், பெட்டியைச் செய்த குருமூர்த்தி அண்ணனே!

ஏன் சிரிக்கிறீர்கள்? நான் இன்னும் நகைச்சுவைக்கு வரவில்லையே. எல்லோரும் ஏன் எனக்குப் பின்னால் பார்க்கிறீர்கள்?

ஓ. பச்சைக் கோடு.

அம்பிகா அக்கா எண்ணிச் சொல்கிறார்: தொடங்கும்போது எண்பத்தைந்து, இப்போது நூற்று முப்பத்திரண்டு. பட்டை எதற்கென்று தெரிந்துவிட்டது அக்கா.

பெரியோர்களே, அன்று குருமூர்த்தி அண்ணனின் இரண்டு கைகளும் பெட்டியின் திருகுகளில் இருந்தன. மேசைக்கு அடியில் தாளம் போட்டவை இந்த விரல்கள். முதல் நிமிடமே எனக்குத் தெரியும். நிறுத்திப் பார்த்தேன், கோடு சீரானது. மறுபடி தட்டினேன். எல்லோர் முகமும் வேடிக்கையாக இருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். மூன்றாம் நாள் பாலத்தருகே மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். என்னைக் கண்டதும், "டயர்ல காத்து இல்லடா" என்றார். இரண்டு டயரும் கல் மாதிரி இருந்தன. அதன்பிறகு வேடிக்கை போய்விட்டது. சொல்லும் தைரியமும் போய்விட்டது. நேற்று நான் எழவும் இல்லை, எடுத்துரைக்கவும் இல்லை. பழக்கத்தில் மேசையைத் தட்டிக்கொண்டிருந்த என் விரல்களை அக்கா பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

குருமூர்த்தி அண்ணா, உங்கள் பெட்டி நன்றாகத்தான் வேலை செய்கிறது. மாமா, மாமி, என்னை மன்னியுங்கள். அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். நாளைக் காலை சைக்கிளில் ஏறிப் போங்கள். பின்னால் நான் ஓடி வருகிறேன், நீங்கள் பயந்து கழித்த பன்னிரண்டு நாளுக்கும் ஈடாகப் பன்னிரண்டு நாள்.

பொறுத்துக் கேட்ட அவைக்கு நன்றி. இருகரம் கூப்ப ஆசைதான். இடது கையை அசைக்க உத்தரவில்லை. ஒரு கை வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.