இரண்டாயிரம் இருக்கு என்று அவன் சொன்னான்

பாராசூட் சங்கத்தின் ஓடுதளத்தில் சனிக்கிழமை காலை நடந்த மரணம் குறித்து, லிஃப்ட் பழுதுபார்க்கும் தொழில் செய்பவரும், வயது நாற்பத்து மூன்று ஆனவரும், பேருந்துப் பணிமனைக்குப் பின்தெருவில் இரண்டாம் மாடி வலப்பக்க வீட்டில் குடியிருப்பவருமானவர் நிலையத்தில் ஆஜராகிக் கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்படி முகவரியில் என் மனைவியுடன் குடியிருந்து வருகிறேன். இறந்துபோனவர் என் மனைவியின் உடன்பிறந்த தம்பி. டைல்ஸ் பதிக்கும் வேலை செய்துவந்தார். நீங்கள் அவர் என்று எழுதுகிறீர்கள், எனக்கு அவன் என்றுதான் வாயில் வரும். நாங்கள் இருவரும் ஆறு வருடமாக ஒன்றாகக் குதித்து வருகிறோம். எங்களுக்குள் முன்விரோதம் எதுவும் கிடையாது.

என் மைத்துனன் நேரத்துக்கு வராதவன். குளியலறையில் நின்றுகொண்டே “தெருமுனைக்கு வந்துட்டேன்” என்று போனில் சொல்வான். டைல்ஸ் போடக் கூப்பிட்ட வீட்டுக்காரர்கள் எனக்கு போன் செய்து திட்டுவார்கள். என் மனைவி அவனைப் புளுகுமூட்டை என்றுதான் கூப்பிடுவாள். அதற்கு அவன், “பொய் இல்லக்கா, அவங்க டென்ஷன் ஆகக் கூடாதுல்ல” என்பான். சம்பவ தினத்திலும் தாமதமாகத்தான் வந்தான். விமானம் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தது. “உனக்காக நிக்கறதுக்கு இது என்ன உங்க அக்கா வண்டியா?” என்று சத்தம் போட்டேன். அவன் சிரித்தான்.

அதன் பிறகு விமானத்தில் ஏறினோம். நாங்கள் செய்வது, விரித்த பாராசூட்டோடு ஒருவர் மேல் ஒருவர் வந்து ஒட்டிப் பறப்பது. மேலே இருப்பவர் கீழே இருப்பவருடைய பாராசூட்டின் துணியைக் காலால் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலே நான், கீழே அவன். இரண்டும் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்பதை நாங்கள் ஏறுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் பயிற்சியாளர் எங்கள் வாயால் சொல்லவைப்பார். இரண்டாயிரம் அடிக்கு மேல் என்றால் கீழே இருப்பவர் அறுத்துக்கொண்டு விலக வேண்டும். அதற்குக் கீழே என்றால் யாரும் அறுக்கக் கூடாது, விரிந்திருக்கும் ஒரே பாராசூட்டில் இருவரும் தொங்கிக்கொண்டே இறங்க வேண்டும், கால் உடைந்தாலும் சரி. அறுப்பது என்பது மார்பின் வலப்பக்கச் சிவப்புப் பிடியை இழுத்துப் பழுதான பாராசூட்டைத் தோளிலிருந்து கழற்றிவிடுவது. அதன் பிறகு இடப்பக்கப் பிடியை இழுத்தால் ரிசர்வ் பாராசூட் வரும். அது விரிவதற்குக் கீழே போதிய உயரம் இருக்க வேண்டும்.

அன்று நான் கால் வைத்ததும் எதிர்க்காற்று அடித்து அவனுடைய துணி மடங்கி என்மேல் சுருண்டுகொண்டது. என் முகம், வலது கை, உயரம் காட்டும் மீட்டர் கட்டிய இடது கை எல்லாம் துணிக்குள் போய்விட்டன. ஒரு கயிறு கழுத்தைச் சுற்றி இறுகியது. என்னுடைய பாராசூட் மட்டும் விரிந்திருந்தது. அவன் எனக்குக் கீழே அந்தக் கயிறுகளில் தொங்கினான். இருவரும் சுற்ற ஆரம்பித்தோம். அவனுடைய எடை முழுவதும் என் கழுத்தில் இருந்தது. அறு என்று நான் சொல்லவில்லை. “மாப்ள, மூச்சு முட்டுதுடா” என்றுதான் சொன்னேன். அதன் பிறகு சிறிது நேரம் கயிற்றை விடுவிக்கப் பார்த்தோம், முடியவில்லை. எனக்கு வெள்ளைத் துணி தவிர எதுவும் தெரியவில்லை. “எவ்வளவு இருக்கு?” என்று கேட்டேன். அவன், “ரெண்டாயிரம் இருக்கு மாமா. தாராளமா இருக்கு. நான் அறுத்துக்கறேன்” என்றான்.

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளிருந்து எந்த மாடி என்று கேட்பார்கள். எந்த மாடியில் தொங்கினாலும் தரைக்குக் கிட்டத்தான் என்று நாங்கள் சொல்வோம். என் மைத்துனன் சொன்ன குரல் அந்தக் குரல்.

அந்த நேரத்தில் கீழேயிருந்து பயிற்சியாளர் “அறுக்காதே, அறுக்காதே” என்று கத்துவது கேட்டது. இரண்டாயிரம் அடி உயரத்தில் தரையில் ஆள் கத்துவது வார்த்தை வார்த்தையாகக் கேட்காது. நான் “சரி” என்றேன். அவன், “இன்னைக்கு நான் முன்னாடி போய் நிக்கறேன் மாமா” என்றான். அதன் பிறகு கழுத்தில் பாரம் விட்டுப்போனது.

துணி தளர்ந்து முகத்திலிருந்து வழுக்கி விழுந்தது. மூச்சு வந்தது. முதலில் மூச்சைத்தான் இழுத்தேன், அதன் பிறகுதான் கீழே பார்த்தேன். ஓடுதளத்தின் ஓரத்தில் நின்ற வண்டிகளின் கண்ணாடிகள்கூடத் தெரிந்தன. மீட்டரின் முள் ஐந்நூறுக்குக் கீழே இருந்தது. அவனுடைய ரிசர்வ் வெளியே வந்து நீளமாக நின்றது, விரியவில்லை. நான் என் பாராசூட்டில் இறங்கினேன். எனக்குக் கழுத்தில் தோல் உரிந்ததைத் தவிர வேறு காயம் இல்லை.

இப்போது பனியனைத் தலைவழியாகக் கழற்றும்போது, துணி முகத்தை மூடுகிற அந்த நேரத்தில், எவ்வளவு இருக்கு என்று என்னையறியாமல் கேட்டுவிடுகிறேன். நேற்றும் கேட்டேன். என் மனைவி பக்கத்து அறையில் அவனுடைய வேலைச் செருப்பில் காய்ந்துபோன சிமெண்டைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். சுரண்டுவது நின்றது. உள்ளே வந்து, அவன் என்ன சொன்னான் என்று கேட்டாள். சொன்னேன். அவள், “அவன் சொன்ன கணக்கை என்னைக்காவது நம்பியிருக்கீங்களா? அன்னைக்கு மட்டும் எப்படி நம்புனீங்க?” என்றாள்.

அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. இங்கே எழுதிக்கொள்ளுங்கள். நான் நம்பவில்லை. எனக்கு மூச்சு வேண்டியிருந்தது, சரி என்றேன்.

மேலே கண்டதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அறுத்த உயரம் இரண்டாயிரம் அடி என்று ஓரிடத்தில் எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னேன், அடித்தார்கள். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)