பட்டறைக்கல்லில் அண்ணன் தலை

எனக்கு வறுத்த பன்றிக்கறி பிடிக்கும், சாமி. தோல் மொறுமொறுவென்று இருந்தால் இன்னும் பிடிக்கும். உங்கள் மடத்தில் வருஷம் முழுக்க அவித்த பயறுதான் என்பது பிக்கார்தி சீமை முழுவதும் தெரிந்த சங்கதி. அந்த மடத்தில்தான் என்னைத் தள்ளிவிட அண்ணன் முடிவு கட்டியிருந்தான்.

அண்ணன் தியரி, வால்மோக் கோட்டையின் பிரபு. நான் ஓதோன், அவனுக்கு இரண்டு வயது இளையவன். எங்கள் வழக்கப்படி கோட்டையும் நிலமும் மூத்தவனுக்கு. அவனுக்கு மகன் பிறக்கும்வரை இளையவனை வீட்டில் வைத்துச் சோறு போடுவார்கள், மூத்தவன் சண்டையில் செத்துத் தொலைந்தால் ஆள் வேண்டுமே. இருபது வருஷம் அப்படி இருந்தேன். அவன் தட்டில் கறியை வெட்டி வைத்தேன், அவன் கவசத்துக்கு வார் கட்டினேன், அவன் வேடிக்கையாக ஏதாவது சொன்னால் முதல் ஆளாகச் சிரித்தேன். பொய்ச் சிரிப்பில்லை, சாமி. அண்ணன் நிஜமாகவே சிரிக்க வைப்பான்.

பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு மறுநாள் போட்டிச் சண்டை. வார் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் சொன்னான்.

"டேய் தம்பி, நாளைக்கு உனக்கு மொட்டை. மடத்துல பேசி முடிச்சாச்சு."

"என்னண்ணா திடீர்னு?"

"எனக்குத்தான் பையன் பொறந்துட்டான்ல. இனி நீ எதுக்குடா? உன் மண்டைக்கு மொட்டை எடுப்பாத்தான் இருக்கும்."

சிரித்தான். நானும் சிரித்தேன். வாரை ஒழுங்காகவே கட்டினேன், அதில் எந்தக் குறையும் வைக்கவில்லை.

அன்று அவன்தான் ஜெயித்தான். ஆனால் கடைசியில் விழுந்த ஒரு கதாயுத அடியில் தலைக்கவசம் நசுங்கிப் பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. கண் பார்க்கும் துவாரம் பிடரிக்குப் போய்விட்டது. இழுத்துப் பார்த்தோம், அசையவில்லை. அப்படியே நடந்து போய்க் கூடாரக் கம்பத்தில் முட்டினான். ஒரு குதிரையைப் பெரிய மனிதர் என்று நினைத்துக் குனிந்து வணக்கம் போட்டான். மைதானமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. உள்ளே அவனும் சிரித்தான், பானைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. அண்ணி எர்மினுக்கு விக்கலே வந்துவிட்டது.

"ஏங்க, இப்பதான் நீங்க ரொம்ப லட்சணமா இருக்கீங்க."

"இதக் கழட்டட்டும்டி, அப்புறம் உனக்கு இருக்கு."

குழலும் முரசுமாக அவனைக் கொல்லன் லாம்பேரின் பட்டறைக்கு ஊர்வலமாகக் கூட்டிப்போனோம். இந்த மாதிரி நேரத்தில் செய்வது ஒன்றுதான். தலையைப் பட்டறைக்கல்லில் வைக்க வேண்டும், கொல்லன் இரும்பை வெட்டி எடுப்பான்.

"எசமான், துளி அசைஞ்சாலும் உளி மண்டையில எறங்கிடும்," என்றான் லாம்பேர். "யாராச்சும் தோள அழுத்திப் புடிச்சுக்கணும். பொறி உள்ள போவாம எல்லாத் தொளையையும் ஈரக் கம்பளியால அடைக்கணும்."

"மூச்சு முட்டுனா என்னடா பண்றது?" என்று உள்ளிருந்து அண்ணன் கேட்டான்.

"மூணு தட்டு தட்டுண்ணா. நான் எடுத்துடறேன்," என்றேன்.

ஆக, தோளைப் பிடிப்பதும் துளைகளை அடைப்பதும் என் வேலை. கழுத்துப் பக்கம் இரும்புச் சட்டை சுருண்டு இறுகிக் கிடந்தது, அங்கே காற்றுக்கு வழியில்லை. மற்றத் துளைகளை நான் அடைத்தேன். சுத்தியல் விழத் தொடங்கியது. கூட்டம் பாட ஆரம்பித்தது, மது கைமாறிக்கொண்டே வந்தது. முதல் சரணம் முடிவதற்குள் அண்ணன் பட்டறைக்கல்லில் கையால் மூன்று தட்டு தட்டினான். இன்னொரு பிடி கம்பளியை எடுத்து நன்றாக அழுத்தினேன்.

மறுபடி மூன்று. மறுபடி மூன்று.

"பாருங்கடி, உள்ள இருந்தே தாளம் போடுறாரு," என்றாள் அண்ணி.

எல்லோரும் அந்தத் தாளத்துக்குக் கைதட்டினார்கள். கொல்லனின் கண் உளியில் இருந்தது, மற்றவர்கள் கண் மதுவில். எங்கள் வீட்டில் அப்படி ஒரு கும்மாளத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கும் தலை கிறுகிறுத்தது, பாட்டில் சேர்ந்துகொண்டேன். அடுத்த சரணத்தில் எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நீளமான பாட்டு அது.

கவசம் பிளந்தபோது கம்பளியை உருவி என் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். அண்ணன் முகம் நீலம் பாரித்திருந்தது. அதையும் அவன் விளையாட்டு என்று எண்ணிக் கொஞ்ச நேரம் சிரித்தார்கள். அண்ணி அவன் மூக்கைக் கிள்ளிப் பார்த்தாள். பிறகுதான் அலறினாள்.

லாம்பேரை வியாழக்கிழமை தூக்கில் போட்டார்கள். சின்ன எசமான்தான் கம்பளியை எடுக்கவில்லை என்று கத்தினான், பாவம். கொல்லன் பேச்சை யார் கேட்பார்கள்? அவன் பெண்டாட்டிக்கு ஒரு முழுப் பன்றித்தொடை அனுப்பினேன். அண்ணன் மகன் வாலிபனாகும்வரை கோட்டைக்கு நான்தான் காவலன். மொட்டையும் இல்லை, பயறும் இல்லை.

ஆமாம் சாமி, அண்ணனைக் கொன்றது நான். அதை மறைக்க வரவில்லை. ஆனால் ஒன்றை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். தட்டுவது நின்ற பிறகு அவன் கை என் கையைத் துழாவிப் பிடித்தது. விரல் நெரிகிற அளவுக்கு இறுக்கிப் பிடித்தது. சின்ன வயதிலிருந்து ஒருநாளும் என்னை அவன் அப்படிப் பிடித்ததில்லை. அத்தனை பேர் சுற்றி நின்றும் அண்ணன் என்னைத்தான் தேடினான், அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சந்தோஷத்தில் கண் கலங்குகிறது.