பேசினால் வரவேற்பு, பேசாவிட்டால் சம்மதம்

இந்தப் பொங்கல் விழாவைப் பொறுப்போடு நடத்திக்கொண்டிருக்கும் ஊர்ப் பெரியவர்களே, அணுவுக்கும் ஆதவனுக்கும் நடுவே அமர்ந்து தீர்ப்புச் சொல்லக் காத்திருக்கும் நடுவர் தியாகேசன் ஐயா அவர்களே, எதிரே இருந்தாலும் எதிரிகள் அல்லாத அணுமின் அணியின் அன்பர்களே, சூரிய அணியில் எனக்கு முன்னே முழங்கி அமர்ந்திருக்கும் தங்கை இசைவாணி அவர்களே, வயலிலிருந்து வந்து கால் கழுவிய ஈரம் காயாமல் தரையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் பந்தல் ஓரம் நின்றே கேட்கும் தோழர்களே, உங்கள் அனைவர்க்கும் எழில்மொழியின் பணிவான வணக்கம்.

'நாளைய தமிழகத்துக்கு ஒளி தருவது அணுவா, ஆதவனா?' இதுதான் நமக்குத் தந்த தலைப்பு. அழகான தலைப்பு. ஆனால் இந்தத் தலைப்பைப் பேசுகிற இந்த மேடைக்கு ஒளி தருவது எது? அணுவும் இல்லை, ஆதவனும் இல்லை. பந்தலுக்குப் பின்னால் தடதடத்துக்கொண்டிருக்கிறதே, ஜாபிர் தம்பியின் டீசல் ஜெனரேட்டர், அது. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரிக்க முடிகிறபோதே சிரித்துவிடுங்கள், என் பேச்சு போகப்போக அதற்கு இடம் தராது.

எதிரணித் தலைவர் அறிவுச்செல்வன் அவர்கள் அருமையாகப் பேசினார்கள். அணுமின்சாரம் அடைமழையிலும் வரும், அந்தியிலும் வரும், மேகத்துக்கு அஞ்சாது, காற்றுக்குக் காத்திருக்காது என்றார்கள். உண்மை, நான் மறுக்கமாட்டேன். சூரியன் மாலையானால் வீட்டுக்குப் போய்விடும் அரசு ஊழியர் என்றார்கள். ரசித்தேன். இறுதியாக, 'மக்கள் கருத்து அணுவின் பக்கம் திரும்பிவிட்டது' என்றார்கள். அங்கேதான் எனக்கு நெருடியது. தேநீர் குடிக்கும்போது அவரிடமே கேட்டேன்.

"சார், உங்களுக்குக் கும்பகோணம். உங்க தெருவுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு அணு உலை வச்சா உங்களுக்குச் சம்மதமா?"

"என்னங்க மேடம், அதெல்லாம் கடற்கரைப் பக்கம்தானே வைப்பாங்க? நம்ம பக்கம் ஏன் வரப்போவுது?"

கேட்டீர்களா? கடற்கரையில் மனிதர்கள் இல்லையா? அங்கே வலை உலர்த்துகிறவனுக்கும், மீன் கூடை சுமக்கிறவளுக்கும், உலைக்குப் பக்கத்தில் பிள்ளை வளர்க்க அச்சமிருக்காதா? கருத்து கும்பகோணத்துடையது, கடற்கரை அடுத்தவருடையது. அறிவுச்செல்வன் ஐயா கோபிக்கக் கூடாது. இது உங்கள் ஒருவருடைய குறை இல்லை. இந்த நாட்டில் கருத்து என்பதே பெரும்பாலும் அடுத்தவன் வீட்டு வாசலைப் பற்றியதாகத்தான் இருக்கிறது.

கருத்துக்கணிப்பு என்றீர்களே, அது எப்படி நடக்கிறது என்று சொல்லட்டுமா? வேதாரண்யத்தில் உப்பளத்தில் வேலை பார்க்கிறார் என் தாய்மாமன் தங்கையன். கஜா புயலில் மின்கம்பங்கள் முறிந்து விழுந்து, வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த மனிதர். அவருக்குப் போன மாதம் கைப்பேசியில் ஓர் அழைப்பு. பதிவு செய்த பெண்குரல். "வணக்கம். உங்கள் ஆதரவு எந்த மின்சாரத்துக்கு? அணுசக்திக்கு எண் ஒன்றை அழுத்தவும். சூரியசக்திக்கு எண் இரண்டை அழுத்தவும்."

மாமன் அது நிஜப் பெண் என்றே நினைத்துவிட்டார். "ஏம்மா, எது வந்தாலும் எங்களுக்குச் சரிதாம்மா. அடுத்த புயலுக்குப் போஸ்ட் சாயாம நிக்குமா? அத மட்டும் கேட்டுச் சொல்லும்மா" என்றார். குரல் மறுபடியும் வணக்கம் சொன்னது. மறுபடியும் ஒன்று, மறுபடியும் இரண்டு. மாமன் பார்த்தார். யாரையும் வருத்தப்பட வைப்பானேன் என்று ஒன்றையும் அழுத்தினார், இரண்டையும் அழுத்தினார். இன்று இந்த மேடையில் இரண்டு அணியும் என் மாமனைத் தங்கள் பக்கம் எண்ணிக்கொண்டிருக்கின்றன. அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் எந்த எண்ணும் இல்லை.

அணு அணியை நன்றாகச் சாடிவிட்டேன் என்று தங்கை இசைவாணியின் முகம் மலர்ந்திருக்கிறது. தங்கையே, கசப்பு இனிமேல்தான் வருகிறது. அது நம் அணிக்கு வருகிறது.

சற்றுமுன் நீங்கள் ஒரு காணொளியைச் சான்றாகச் சொன்னீர்கள். நம் டெல்டாவில் ஒரு தாய் ஒலிவாங்கியைப் பிடித்து, வயலெங்கும் மின்தகடு பதிக்கிற சூரியப் பூங்காவை வரவேற்றுப் பேசினாள், மண்டபமே கைதட்டியது, ஆயிரக்கணக்கானோர் பார்த்து வாழ்த்தினார்கள், இதைவிட மக்கள் கருத்துக்கு வேறென்ன சாட்சி வேண்டும் என்று கேட்டீர்கள். நானும் அந்தக் காணொளியைப் பார்த்திருக்கிறேன். வீணை இசை பின்னால் ஒலிக்கும், அந்தத் தாயின் வாய் அசையும், கைகள் தட்டும். 'சூரியனை வரவேற்கும் காவிரித் தாய்' என்று மேலே பொன்னிறத்தில் எழுத்து மின்னும். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? அவள் பேசிய ஒரு சொல்லாவது உங்கள் காதில் விழுந்ததா?

அந்தத் தாயின் பெயர் கண்ணாத்தாள். ஊர் கீழமருதங்காடு. அவள் என்னைப் பெற்றவள்.

இன்னும் கேளுங்கள்.

என் அம்மா இருபது வருடங்களுக்கு மேலாக ஒரு பெரிய குடும்பத்தின் வயலை வாய்மொழிக் குத்தகைக்குச் சாகுபடி செய்து வருகிறாள். பட்டா அவர்கள் பெயரில், அடங்கல் அவர்கள் பெயரில், சேறு மட்டும் என் அம்மா காலில். அவர்கள் எல்லோரும் பெங்களூர் போய்விட்டார்கள். நல்லவர்கள்தான், அதைச் சொல்லாவிட்டால் என் நாக்குக்கு நன்றியில்லை. நான் கல்லூரியில் சேர்ந்தபோது அந்த வீட்டிலிருந்துதான் புத்தகங்கள் வந்தன. அந்த வீட்டுப் பேரன் வசிஷ்ட், கணினித் துறையில் இருப்பவர், சுற்றுச்சூழலில் உண்மையான அக்கறை உள்ளவர். நிலத்தைச் சூரியமின் கம்பெனிக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடப்போவதை அவரே நேரில் வந்து சொன்னார்.

"அம்மா, அணு உலையெல்லாம் எவ்வளவு ஆபத்து தெரியுமா? நாம எல்லாரும் சோலார் பக்கம் நிக்கணும்."

"நில்லுங்க தம்பி. நான் எங்க போயி நிக்கிறது?"

கம்பெனியே ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தும், அங்கே வந்து சொல்லுங்கள் என்றார் வசிஷ்ட் தம்பி. என் அம்மா நம்பினாள். கருத்துக் கேட்க ஒருவன் வருகிறான் என்றால் கேட்கத்தான் வருகிறான் என்று நம்புகிற தலைமுறை அது. ஊர்த் திருமண மண்டபத்தில் கூட்டம். எல்லோருக்கும் கேசரி, காபி. கம்பெனிக்காரர்கள் படம் போட்டுக் காட்டினார்கள். பூங்கா, சூரியப் பூங்கா. ஒரு பூ இல்லாத, ஒரு புல் இல்லாத, ஒரு கொக்கு இறங்காத பூங்கா. 'யாராவது பேச விரும்புகிறீர்களா?' என்றார்கள். அவள் எழுந்தாள். வாழ்நாளில் முதன்முறையாக ஒலிவாங்கியைப் பிடித்தாள். அந்த வீணை இசைக்கு அடியில் புதைந்து கிடக்கும் சொற்கள் இவைதான். மண்டபத்தில் இருந்தவர்கள் இந்தப் பந்தலிலும் இருக்கிறீர்கள், நான் ஒரு சொல் கூட்டினால் எழுந்து மறுக்கலாம்.

"வெயில வேணாம்னு சொல்ல வரலைங்க. நெல்லு காயப்போடுறவ வெயில வேணாம்பேனா? அணு நல்லதா, சூரியன் நல்லதா, அதப் படிச்சவங்க பேசி முடிவு பண்ணிக்கங்க. என் வீட்லயும் லைட்டு எரியுது, எரியட்டும். ஆனா விதச்சு, நட்டு, களையெடுத்து, அறுத்துன்னு என் உசுரே இந்தப் பூமியிலதான் ஓடிக்கிட்டிருக்கு. இதத் தரமுடியாதுன்னு சொல்ல எங்கிட்ட ஒரு காயிதமும் கெடயாது. சம்மதமான்னு கேட்டீங்க பாருங்க, அதுக்குப் பதில் சொல்ல வாயிருக்கு. எனக்குச் சம்மதம் இல்லீங்க."

மண்டபம் அதிர்ந்தது. கைதட்டல் நிற்கவே இல்லையாம். தட்டத்தானே செய்வோம்? நெஞ்சைத் தொடுகிற மாதிரி ஒருவர் பேசினால் தட்டுகிற சாதி நாம். மேடைத் தமிழால் வளர்ந்த கைகள் இவை. அன்று அம்மா எனக்குப் போன் செய்தாள். "பேசிட்டேன்டி. எல்லாரும் கைதட்டுனாங்க" என்றாள். நாற்பது வயதில், பேராசிரியர் அறையில் உட்கார்ந்து, நான் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். பெருமையில் அழுதேன்.

அந்தப் பெருமை ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. கம்பெனி போட்ட காணொளி வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் கைப்பேசியில் போட்டுக் காட்டியிருக்கிறாள். அம்மா முதலில் மகிழ்ந்திருக்கிறாள், தன் முகத்தைப் பார்த்து. பிறகு என்னை அழைத்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பாட்டு வருது, கைதட்டுறது வருது. என் சத்தம் எங்கடி?"

என் சத்தம் எங்கடி? நான் தமிழ் படித்தவள். தமிழ் கற்பிக்கிறவள். மேடைமேடையாக ஏறிச் சொல்லை விற்றுச் சோறு தின்கிறவள். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரியுமா? அணு அணிக்குத் தெரியுமா? ஆதவன் அணிக்குத் தெரியுமா?

வசிஷ்ட் தம்பியும் அழைத்தார். "அக்கா, அம்மா சூப்பராப் பேசியிருக்காங்க, வீடியோ பாத்தேன்" என்றார். அவள் என்ன பேசினாள் என்று நான் சொன்னேன். "கம்பெனியில பேசிப் பாக்கறேன்க்கா" என்றார். அதன்பிறகு என் அழைப்பை அவர் எடுப்பதில்லை. ஆனால் அதற்கு முன்பே அவர் என்னிடம் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். பெங்களூரில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடியின் மொட்டைமாடியில் சூரியத் தகடு போட ஆசைப்பட்டாராம். குடியிருப்போர் சங்கம் கூடியது. கட்டடத்தின் அழகு கெடும் என்று பெரும்பாலோர் கை தூக்கினார்கள். வேண்டாம் என்றார்கள். வேண்டாம் என்றே எழுதிக்கொண்டார்கள். முடிந்தது. அன்பர்களே, அங்கே மாடியின் அழகுக்கு ஒரு கை தூக்கினால் கருத்து. இங்கே வயிற்றுக்கு வாய் திறந்தால் வீணை இசை.

நான் சூரியனுக்கு எதிரியா? இல்லை. அணுக்கழிவை எங்கே புதைப்பது, எத்தனை தலைமுறை காப்பது என்ற அச்சம் எனக்கும் உண்டு. அதனால்தான் இந்த அணியில் இருக்கிறேன். கூரைகளில் போடுங்கள், பள்ளிகளில் போடுங்கள், கல்லூரிகளில் போடுங்கள், இந்த மேடைக்குமேல் போடுங்கள், நானே வந்து ஏணி பிடிக்கிறேன். ஆனால் கதிரவனைக் காட்டிக் கதிரை அழிக்கிற கணக்கை, பூமியைக் காக்கப் புறப்பட்டுப் பூமியில் நிற்பவளைத் துரத்துகிற புண்ணியத்தை என்னால் பசுமை என்று சொல்ல முடியாது. அது பச்சை நிறம் பூசிய பழைய அதிகாரம்.

மணியடித்துவிட்டீர்கள் நடுவர் ஐயா. பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னும் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் இறங்கினால் நான் மகளாக வீட்டுக்குப் போகமுடியாது.

வரும் புதன்கிழமை மறுபடியும் கூட்டம். கம்பெனியில் பணம் போடுகிற பெரிய மனிதர்கள் மக்கள் கருத்தை நேரில் அறிய வருகிறார்களாம். அது முடிந்தால் அறுவடைக்குப் பிறகு வேலி. வேலிக் கம்பங்கள் இப்போதே வரப்பில் வந்து கிடக்கின்றன, நெல் இன்னும் தலை சாயவில்லை. 'வாம்மா, போய்ப் பேசலாம்' என்று நேற்றெல்லாம் கெஞ்சினேன்.

"வரலடி. பேசினா வரவேற்புங்கறாங்க. பேசாட்டி சம்மதங்கறாங்க. நான் என்னத்தடி பண்றது?"

இதுதான், நடுவர் அவர்களே, அணுவா ஆதவனா என்ற கேள்விக்கு அடியில் கிடக்கும் கேள்வி. உலை வைப்பவனும் இதற்குப் பதில் சொல்லவில்லை, தகடு வைப்பவனும் சொல்லவில்லை. பேசவும் விடாமல், பேசாதிருக்கவும் விடாமல் ஒருத்தியை நிறுத்திவிட்டு, அதற்கு மக்கள் கருத்து என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை, எரிகிறது.

ஆகவே என் அணி வென்றதாகத் தீர்ப்பு வந்தால் அந்த வெற்றியில் எனக்குப் பங்கு வேண்டாம். என் அம்மாவின் குரலை அறுத்து ஒட்டிய சாட்சியத்தால் வருகிற வெற்றி அது. உங்களிடம் நான் கேட்பது தீர்ப்பு இல்லை, துணை. புதன்கிழமை காலை கீழமருதங்காடு மண்டபத்துக்கு வாருங்கள். அணு வேண்டுமென்பவரும் வாருங்கள், ஆதவன் வேண்டுமென்பவரும் வாருங்கள். அவள் பேசாவிட்டால் அவள் இடத்தில் நான் பேசுகிறேன். என்னைத் தொடர்ந்து ஒவ்வொருவராக எழுந்து 'எனக்குச் சம்மதம் இல்லை' என்ற மூன்றே சொல்லைச் சொல்லுங்கள். எவ்வளவு நன்றாக இருந்தாலும், எவ்வளவு நெஞ்சைத் தொட்டாலும், ஒருவரும் கைதட்டாதீர்கள்.

வேண்டாம், இப்போதும் தட்டாதீர்கள். கைகளைக் கீழே இறக்குங்கள் அம்மா. அண்ணே, நீங்களும்தான்.

கைப்பேசியில் என்னைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள். இதைத் தாராளமாக எங்கும் போடுங்கள். பாட்டுச் சேர்க்காதீர்கள். இன்று இரவு என் அம்மா பக்கத்து வீட்டில் உட்கார்ந்து இதைப் பார்ப்பாள். நான் என்ன பேசினேன் என்பதை அவள் பிறகுதான் கேட்பாள், முதலில் சத்தம் இருக்கிறதா என்று பார்ப்பாள்.

பொறுமையோடு செவிகொடுத்த உங்களுக்கும், மணியடித்த பிறகும் பேசவிட்ட நடுவர் ஐயாவுக்கும் நன்றி. கைதட்டாமல் அமர்ந்திருக்கும் இந்த மௌனத்துக்கு இன்னும் அதிக நன்றி. புதன்கிழமை பார்ப்போம். வணக்கம்.